சைக்ஸ் என்று பெயர் உள்ள எல்லாரும் ஒரே தாத்தாவின் வாரிசுகளா?

கேள்வி கேட்டவர் வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள ஹடர்ஸ்ஃபீல்டில் வேலை பார்க்கிறார். அலுவலகத்தில் நாலு பேருக்கு சைக்ஸ் என்ற குடும்பப் பெயர். சொந்தக்காரர்களா என்று விசாரித்தால் நாலு பேருமே இல்லை என்கிறார்கள். ஆனால் எல்லா சைக்ஸ்களும் ஒரே மூதாதையின் வாரிசுகள் என்று டி.என்.ஏ. ஆய்வில் நிரூபித்துவிட்டதாக அவர் எங்கோ படித்திருக்கிறார். எது உண்மை, இந்தப் பெயருக்கு என்ன பொருள், ஏன் அந்த ஊர்ப் பக்கம் மட்டும் இப்படிக் குவிந்து கிடக்கிறது என்று கேட்டிருக்கிறார். இதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஆதியில் எத்தனை பேர் இந்தப் பெயரைச் சூடினார்கள் என்பது ஒன்று. இன்று இந்தப் பெயரோடு இருப்பவர்கள் அவர்களில் எத்தனை பேரின் வழிவந்தவர்கள் என்பது இன்னொன்று. செய்திக் கட்டுரைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. நான் பிரித்தே பதில் சொல்கிறேன்.

வடக்கு இங்கிலாந்தில் ஆவணக் காப்பக வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். குடும்ப வரலாறு தேடி வருபவர்களுக்குப் பழைய பதிவேடுகளை எடுத்துக் கொடுப்பதும், அந்தக் கோழிக்கிறுக்கல் எழுத்தைப் படித்துச் சொல்வதும்தான் என் அன்றாடம். மரபியல் எனக்குப் படித்துத் தெரிந்துகொண்ட துறை, ஆவணங்கள் கையாண்டு தெரிந்துகொண்ட துறை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. ‘சைக்’ என்பது வடக்கு இங்கிலாந்து வட்டார வழக்கில் சின்ன ஓடை. ஆறு என்று சொல்ல முடியாது, வாய்க்கால் மாதிரி யாரும் வெட்டியதும் இல்லை. மேட்டு நிலத்துச் சதுப்பில் ஊறி, புல்லுக்கு நடுவே ஒரு தாண்டில் தாண்டிவிடும் அகலத்தில் வழிந்து, கோடையில் பல இடங்களில் வற்றிப் போகும். பழைய நார்ஸ் மொழியில் ‘சீக்’, பழைய ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அதே சொல். இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கம் போனால் இதே சொல் ‘சிட்ச்’ என்று மெலிந்துவிடும். யார்க்‌ஷயரில் ‘க்’ அப்படியே நின்றதற்கு அங்கே குடியேறிய வைக்கிங்குகளின் மொழி ஒரு காரணம். இப்படிப்பட்ட ஓடைகள் இரண்டு பேர் நிலத்துக்கு நடுவே எல்லையாகவும் இருந்தன. அதனால் பழைய நில ஆவணங்களில் இந்தச் சொல் அடிக்கடி தட்டுப்படும். ஓடையோரம் குடியிருந்தவனை ‘ஓடைக்கார ஜான்’ என்று அடையாளம் சொல்லி, அது அவன் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டு, கடைசியில் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. கடைசியில் உள்ள ‘ஸ்’ பன்மையாக இருக்கலாம், பேச்சில் பிற்பாடு சேர்ந்த ஒட்டாகவும் இருக்கலாம். புரூக்ஸ், வெல்ஸ் போன்ற நீர்நிலைப் பெயர்களிலும் இதே வால் உண்டு. சிலர் ‘ஐ’ போட்டும் சிலர் ‘ஒய்’ போட்டும் எழுதுவார்கள். பழைய பதிவுகளில் ஒரே ஆளின் பெயரே இரண்டு விதமாகவும் வரும். எழுத்துக் கூட்டல் வேறு என்பதால் குடும்பம் வேறு என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பெயர் பரம்பரையாக ஆனது எப்போது? 1066ல் நார்மன்கள் வந்த பிறகு பெரிய நிலப்பிரபுக்கள்தான் முதலில் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சாதாரண ஜனங்களிடம் அது மெதுவாக, தெற்கிலிருந்து வடக்காகப் பரவியது. யார்க்‌ஷயரில் 14ஆம் நூற்றாண்டில்கூட அப்பாவுக்கு ஒரு பெயர், மகனுக்கு வேறு பெயர் என்று இருப்பது சாதாரணம். இதைப் பார்க்க நமக்குக் கிடைத்த பெரிய ஜன்னல் 1379ஆம் வருடத் தலைவரிப் பட்டியல். 16 வயதைத் தாண்டிய எல்லாரிடமும் வசூலித்தார்கள். சாதாரண ஆளுக்கு நாலு பென்ஸ், கணவன் மனைவிக்குச் சேர்த்தே அதே நாலு பென்ஸ், தொழில் செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். மேற்கு ரைடிங் எனப்படும் யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதிக்கு இந்தப் பட்டியல் நல்லபடியாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஊர் ஊராகப் பெயர், பக்கத்தில் தொகை. அதற்கு முந்தைய காலத்துக்கு வேக்ஃபீல்ட் மேனரின் நீதிமன்றச் சுருள்கள் இருக்கின்றன. மேனர் என்பதை ஜமீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1274 முதல் தொடங்கும் இந்தத் தோல் சுருள்களில் யார் மாடு யார் வயலில் மேய்ந்தது, யார் யாருக்கு நிலம் மாற்றிக்கொடுத்தார் என்று எல்லாம் இருக்கும். இவற்றில் ‘டெல் சைக்’, ‘டெல் சைக்ஸ்’ என்று, அதாவது ‘ஓடையைச் சேர்ந்த’ என்ற பொருளில், ஒரே ஊரில் இல்லாமல் பல ஊர்களில் ஆட்கள் வருகிறார்கள். யார்க்‌ஷயர் மேட்டில் ஓடைக்கா பஞ்சம்? அதனால் இந்தப் பெயர் பல இடங்களில் தனித்தனியாகப் பிறந்திருக்க வேண்டும் என்றுதான் பெயராய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். என் கைக்கு வரும் ஆவணங்களும் அதைத்தான் சொல்கின்றன.

சரி, பல இடத்தில் பிறந்த பெயர் ஏன் ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் இவ்வளவு பெருகியது? இதற்கு விடை ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து மேற்கே பென்னைன் மலை வரை ஏறும் கோல்ன் பள்ளத்தாக்கின் பிழைப்பில் இருக்கிறது. ஸ்லெய்த்வெயிட், கோல்கார், லின்த்வெயிட், மார்ஸ்டன் எல்லாம் அங்கே உள்ள ஊர்கள். ஸ்லெய்த்வெயிட்டை உள்ளூர்க்காரர்கள் ‘ஸ்லாவிட்’ என்றும் லின்த்வெயிட்டை ‘லின்ஃபிட்’ என்றும்தான் சொல்வார்கள். மண் வளமில்லாத, குளிர்ந்த, ஈரமான மலைச்சரிவு. ஓட்ஸும் நாலைந்து மாடும் ஆடும் தவிர வேறு எதுவும் பெரிதாக வராது. அப்படிப்பட்ட இடத்தில் ஜனங்கள் பெருகியிருக்கக் கூடாது. பெருகியதற்குக் காரணம் கம்பளித் தறி. வீட்டில் ஒரு தறி, வாசலில் கொஞ்சம் நிலம், இரண்டையும் வைத்துக் குடும்பம் ஓடியது. கோல்கார் பக்கம் இன்றும் நிற்கிற பழைய நெசவாளர் வீடுகளைப் பார்த்தால் புரியும். கீழ்த்தளத்தில் சாதாரண ஜன்னல்கள். மேல் தளத்தில் மட்டும் சுவரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, நடுவில் ஒல்லியான கல் தூண்கள் மட்டும் விட்டு, வரிசையாகக் கண்ணாடி. தறி நின்ற இடத்துக்கு வெளிச்சம் வேண்டுமே.

நிலத்தை மட்டும் நம்பியிருந்த ஊர்களில் மூத்தவனுக்குப் பண்ணை போய்ச் சேர்ந்தால் இளையவர்கள் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். இங்கே இளையவனும் சரிவில் இன்னும் கொஞ்சம் மேலே ஒரு துண்டு நிலத்தை வளைத்து, ஒரு தறி போட்டு, பக்கத்து ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட முடிந்தது. தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்தால் ஒரு குடும்பப் பெயர் அதே பள்ளத்தாக்குக்குள் அடுக்கடுக்காகப் பெருகும். சைக்ஸுக்கு மட்டும் நடந்த கதை இல்லை இது. மேற்கு ரைடிங்கின் கிரீன்வுட், சட்க்ளிஃப், அக்ராய்ட், பார்ராக்ளவ் எல்லாம் இதே மாதிரி அவரவர் பள்ளத்தாக்கில் குவிந்த பெயர்கள்தான். இங்கிலாந்தின் குடும்பப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு நிலப்பரப்பின் பிழைப்பு முறையே பெயர்ப் பட்டியலாக நிற்கிறது.

இந்தக் குவியலைக் கண்ணால் பார்க்க நாங்கள் நம்புவது 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. தொண்டர்கள் முழுதாகப் படியெடுத்துக் கணினியில் ஏற்றிய கணக்கெடுப்பு அது. தொழிற்புரட்சி வந்து ஜனங்களைக் கிளறிவிட்ட பிறகும் சைக்ஸ்களின் பெரும்பகுதி மேற்கு ரைடிங்கிலேயே, அதிலும் ஹடர்ஸ்ஃபீல்டைச் சுற்றியே அடர்ந்திருக்கிறது. அடுத்ததாக பென்னைன் மலைக்கு மேற்கே உள்ள லங்காஷயர். இங்கே ஒரு எச்சரிக்கை. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள சாடில்வொர்த் இன்று ஓல்டமோடு சேர்ந்து கிரேட்டர் மான்செஸ்டரில் இருக்கிறது. 1974 வரை அது யார்க்‌ஷயரைச் சேர்ந்தது. ஓல்டமில் சைக்ஸ் நிறைய இருப்பதைப் பார்த்து, இது லங்காஷயரில் தனியாகத் தோன்றிய கிளை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அவர்களில் பலபேர் ஸ்டாண்டெட்ஜ் மலையைத் தாண்டிப் பஞ்சாலை வேலைக்கு இறங்கியவர்கள். 1811ல் அந்த மலைக்கு அடியில் கால்வாய்ச் சுரங்கம் திறந்தது, 1849ல் ரயிலும் ஓடியது. அதற்குப் பிறகு தாண்டுவது பெரிய காரியமே இல்லை. லண்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று போனவர்கள் அதற்கு அடுத்த அலை. அமெரிக்காவில் இந்தப் பெயரோடு கறுப்பினக் குடும்பங்களும் நிறைய உண்டு. அங்கே அடிமை முறையின் வழியாகவும் ஆங்கிலேயப் பெயர்கள் ஜனங்களிடம் வந்து சேர்ந்ததால், பெயரை வைத்து யார்க்‌ஷயர் ரத்தத்தைத் தேடுவது சரிப்படாது.

இப்போது டி.என்.ஏ. நீங்கள் படித்தது ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு. தன் பெயரையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர். கிளாக்ஸோ மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் ரிச்சர்ட் சைக்ஸும் இவரும், சொந்தம் என்ற நினைப்பே இல்லாதவர்கள், ஒய் குரோமோசோமில் ஒத்துப்போனார்கள். அங்கே தொடங்கியது ஆர்வம். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் அதே பாதையில் போவதால் இரண்டையும் ஒப்பிடலாம் என்பது அடிப்படை. சைக்ஸ் என்ற பெயருள்ள ஆண்களிடம் மாதிரி வாங்கி, ஒய் குரோமோசோமில் நாலு இடங்களைச் சோதித்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு ஒரே அமைப்பு. அந்த அமைப்பு, ஒப்பீட்டுக்காக அதே வட்டாரத்திலும் நாட்டின் மற்ற பகுதிகளிலும் எடுத்த வேறு பெயர்க்காரர்களின் மாதிரிகளில் இல்லை. ஆகவே இன்றைய சைக்ஸ்களுக்கு ஒரே ஆதி மூதாதை என்றும், மீதிப் பாதி வேறுபடுவதற்குக் காரணம் சுமார் 700 வருடங்களில் அங்கங்கே தந்தைவழி மாறியதுதான் என்றும் ஆய்வு வாதிட்டது. அப்படி மாறிய விகிதம் சராசரியாகத் தலைமுறைக்கு 1.3 சதவீதம் என்று கணக்கும் போட்டது.

இதில் உறுதியானது எது? இன்றைய சைக்ஸ்களில் பெரிய ஒரு கூட்டம் தந்தைவழியில் ஒரே ஆளிடம் போய்ச் சேருகிறது என்பது. அதை நான் மறுக்கவில்லை. ஓடையைக் குறிக்கும் இவ்வளவு பொதுவான ஒரு பெயரில் இது தெரியவந்தது உண்மையிலேயே பெரிய கண்டுபிடிப்பு. சந்தேகத்துக்கு உரியது அடுத்த படி. ஒரே ஆளின் வாரிசுகள் இன்று அதிகம் என்பதால், ஆதியில் ஒரே ஆள்தான் இந்தப் பெயரைச் சூடினான் என்று ஆகிவிடாது. பத்துப் பதினைந்து ஊர்களில் தனித்தனி ஓடைக்காரர்கள் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்குப் பெண் பிள்ளைகள் மட்டும், ஒருவன் 1349ல் கொள்ளை நோயில் போய்விட்டான், ஒருவனின் பேரன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆண்வழி அறுந்தால் பெயரும் அதோடு அறும். இருபது தலைமுறைக்கு மேல் இப்படிக் கழிந்தால் அதிர்ஷ்டம் உள்ள ஒன்றிரண்டு வம்சக் கொடிகள்தான் மிஞ்சும். ஆங்கில அறிவியலாளர் பிரான்சிஸ் கால்ட்டன் 1873லேயே, குடும்பப் பெயர்கள் எந்த வேகத்தில் அற்றுப்போகும் என்று இதை ஒரு கணக்காகவே கேட்டார். அதற்கு ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை தேடிக் கொடுத்ததிலிருந்து இன்றுவரை நிகழ்தகவுக் கணிதத்தில் இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது.

அந்த ஆய்வு தொட்டது நாலு இடங்களை மட்டும் என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக்கு அது நியாயமானது. இன்று வணிக நிறுவனங்களே 37, 111 என்று இடங்களைச் சோதிக்கின்றன. இடங்கள் கூடும்போது, முன்பு ஒன்றாகத் தெரிந்த கூட்டம் உள்ளே கிளைகளாகப் பிரிந்து தெரியும். பிற்பாடு 2009ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜோப்லிங்கும் 40 பெயர்களை எடுத்து, 1,600க்கும் மேற்பட்ட ஆண்களிடம் 17 இடங்களைப் பார்த்தார்கள். ஸ்மித் மாதிரி எங்கும் நிறைந்த பெயரில், சம்பந்தமில்லாத இரண்டு பேரிடம் உள்ள ஒற்றுமைக்கு மேல் ஒன்றும் இல்லை. அட்டன்பரோ மாதிரி அரிய பெயரில் பெரும்பாலோர் ஒரே கொடி. மொத்தத்தில் பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு நெருக்கம். நான் மேலே சொன்ன ஆண்வழி அறுதலையும் அவர்கள் முக்கியக் காரணமாக வைத்தார்கள். பெயர் சூடியவர்கள் பலர், பெருகியவர் ஒருவர் என்பதே சைக்ஸ் விஷயத்தில் ஆவணமும் மரபியலும் சண்டை போடாமல் சேர்ந்து நிற்கக்கூடிய விளக்கம் என்று நான் நினைக்கிறேன். நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், சான்றுகளோடு ஒத்துப்போகும் தீர்ப்பு.

அந்த 1.3 சதவீதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்திரிகைகள் இதை மனைவிமாரின் கற்புக் கணக்காக எழுதித் தீர்த்தன. அது அநியாயம். கல்யாணம் ஆகாத தாயின் பிள்ளைக்கு அம்மாவின் குடும்பப் பெயர் வந்திருக்கும். அப்பா இறந்தபின் அம்மா மறுமணம் செய்தால் பிள்ளை மாற்றாந்தந்தையின் பெயரை எடுத்துக்கொள்ளும். ஆண் வாரிசில்லாதவர் மருமகனையோ சகோதரி மகனையோ சொத்தோடு சேர்த்துப் பெயரையும் வாங்கிக்கொள்ளச் சொல்வார். தத்தும் உண்டு. இவை எல்லாமே தந்தைவழி மாற்றம்தான். சர்ச் பதிவேட்டில் ஞானஸ்நானப் பக்கத்தைத் திறந்தால், அப்பா பெயருக்கான இடத்தில் தாயின் பெயர் மட்டும் இருக்கும் குழந்தைகள் எல்லா நூற்றாண்டிலும் கண்ணில் படும். ஆதியிலேயே இரண்டு மூன்று சைக்ஸ் கொடிகள் இருந்திருந்தால் உண்மையான விகிதம் இன்னும் குறையவும் செய்யும்.

பெரிய மனிதர்கள் வரிசையைப் பற்றிச் சுருக்கமாக. 1916ல் மத்திய கிழக்கைப் பங்கு போட்ட ஒப்பந்தத்தில் பெயர் நிற்கும் சர் மார்க் சைக்ஸ், கிழக்கு யார்க்‌ஷயரின் ஸ்லெட்மியர் குடும்பத்தவர். லீட்ஸிலும் ஹல்லிலும் வணிகம் செய்து உயர்ந்த குடும்பம் அது. தங்கள் மூலம் கம்பர்லண்டில் கார்லைல் பக்கம் என்பது அவர்கள் வீட்டு மரபு. அதனால் கோல்ன் பள்ளத்தாக்கோடு அவர்களைத் தானாக முடிச்சுப் போடக் கூடாது. இந்தியாவுக்கு வந்த சைக்ஸ்களும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து வங்காளத்தில் பணம் சேர்த்து, பெர்க்‌ஷயரில் பேசில்டன் பார்க் மாளிகையைக் கட்டிய பிரான்சிஸ் சைக்ஸ், ஹடர்ஸ்ஃபீல்டுக்குக் கிழக்கே உள்ள தார்ன்ஹில்லில் பிறந்தவர். பம்பாய் ராணுவத்தில் இருந்து தக்காணத்தின் புள்ளிவிவரங்களைத் திரட்டிய வில்லியம் ஹென்றி சைக்ஸை நம் பறவை ஆர்வலர்களுக்குத் தெரிந்திருக்கும். தக்காணத்துக் கொண்டை வானம்பாடி ஒன்றும், இரவில் பறக்கும் பக்கி ஒன்றும் அவர் பெயரில்தான் வழங்குகின்றன. சைக்ஸ் குலச்சின்னங்களில் வெள்ளையும் நீலமுமாக அலை அலையாகக் கோடு போட்ட வட்டங்கள் இருக்கும். சின்னவியலில் அந்த வட்டத்துக்கே ‘சைக்’ என்று ஒரு பெயர் உண்டு, ஓடையைக் குறிக்க. அழகான விஷயம். ஆனால் ஆங்கிலச் சட்டப்படி சின்னம் வழங்கப்படுவது ஒரு நபருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான், பெயருக்கு இல்லை. சுற்றுலாக் கடையில் சைக்ஸ் குலச்சின்னம் என்று குவளை விற்றால் உங்கள் நண்பர்களுக்குப் பரிசாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக உங்கள் நாலு நண்பர்கள். ‘நாங்கள் சொந்தம் கிடையாது’ என்று அவர்கள் சொல்வது, நினைவுக்கு எட்டிய மூன்று நாலு தலைமுறைக்குச் சரியாகவே இருக்கும். அதற்கு மேல் போனால், நாலு பேரும் கோல்ன் பள்ளத்தாக்குக் குடும்பங்கள் என்றால், ஏதோ ஒரு வழியில் சொந்தமாக இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதுவும் பெயர் வழியாக இருக்க வேண்டும் என்றில்லை. மூன்று நாலு ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த இடம் அது. சைக்ஸ் பையன் சைக்ஸ் பெண்ணைக் கட்டிய கல்யாணங்களே பதிவேட்டில் கிடைக்கும். பாட்டிகள் வழியாக வந்த அந்தச் சொந்தத்தை ஒய் குரோமோசோம் சோதனை காட்டவே காட்டாது. ஒரே பெயர் குவிந்த ஊர்களில் குடும்பப் பெயரால் ஆளை அடையாளம் காண முடியாமல், நம் இனிஷியல் போல அப்பா பெயரைச் சேர்த்தே கூப்பிட்டார்கள். 1832ல் சாடில்வொர்த் மேட்டில் விடுதி நடத்திய அப்பாவும் மகனும் கொலை செய்யப்பட்டார்கள். குடும்பப் பெயர் பிராட்பரி. ஊருக்குள் அப்பா ‘பில் ஓ ஜாக்ஸ்’, அதாவது ஜாக்கின் மகன் பில். மகன் ‘டாம் ஓ பில்ஸ்’. பழைய கடிதங்களிலும் செய்தித்தாள்களிலும் சைக்ஸ்களும் இப்படித்தான் வருவார்கள். தேடும்போது இதை மறந்தால் பாதி ஆட்கள் கைநழுவிப் போவார்கள்.

உண்மையிலேயே கண்டுபிடிக்க விருப்பம் என்றால் நாலு பேரையும் அப்பாவின் அப்பாவின் அப்பா பெயரையும், அவர் பிறந்த ஊரையும் வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். அதை வைத்து 1921 கணக்கெடுப்பில் குடும்பத்தைப் பிடித்து, அங்கிருந்து 1841 வரை பத்துப் பத்து வருடமாகப் பின்னால் போகலாம். பிறப்பு இறப்பு அரசுப் பதிவு 1837ல் தொடங்குகிறது. அதற்கு முன்னால் சர்ச் பதிவேடுகள். இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஸ்லெய்த்வெயிட்டும் கோல்காரும் ஹடர்ஸ்ஃபீல்ட் திருச்சபைக்கு உட்பட்டவை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள லின்த்வெயிட் ஆல்மண்ட்பரிக்கு உட்பட்டது, ஆகவே பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு வெவ்வேறு பதிவேடுகளில் இருப்பார்கள். இன்னொன்று, அந்தப் பள்ளத்தாக்கில் பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் குடும்பங்கள் நிறைய. குழந்தை ஆங்கிலிக்கன் பதிவேட்டில் இல்லை என்றதும் தேடலை நிறுத்திவிடாமல் அந்தச் சபைகளின் ஏடுகளையும் கேளுங்கள். நாலு கொடியும் 1700 வாக்கில் சேராமல் நின்றுவிட்டால், அப்போது ஆண்களில் இரண்டு பேர் 37 இடங்களாவது பார்க்கும் ஒய் சோதனை எடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் நாலு பேரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். இருவர் முடிவும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ ஒருவர் வீட்டில் ஏதோ பழைய ரகசியம் இருப்பதாக அலுவலகத்தில் பேச்சு எழும். மேலே சொன்னபடி, சைக்ஸ்களில் சுமார் பாதிப்பேர் அந்தப் பெரிய கூட்டத்தில் சேராதவர்கள்தான். அதை முதலிலேயே நாலு பேருக்கும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.